கண்ணகி மலைக்குத் தீப்பெட்டி ஆகாது

பளியங்குடியில் வனத்துறைச் சோதனையில் என் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். மேலே போய்ச் சூடம் கொளுத்தலாம் என்று வைத்திருந்தது.

"எந்த ஊருண்ணே?"

"விருதுநகர் பக்கம். மல்லாங்கிணறு."

காக்கிச்சட்டைத் தம்பி சிரித்துவிட்டார். "அப்ப உங்க பையை இன்னொரு தடவை பாக்கணும்ணே. பட்டாசு எதுவும் இல்லையே?"

பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி நிறையத் தீப்பெட்டிகளும் லைட்டர்களும் கிடந்தன. தொழில் புத்தி விடுமா, குனிந்து லேபிள்களைப் பார்த்தேன். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி. எல்லாம் நம்ம பக்கத்துச் சரக்கு. மதுரையை எரித்தவளைப் பார்க்கப் போகிறோம், கையில் ஒரு தீக்குச்சி இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் மலைப்புல் அப்படிக் காய்ந்து கிடக்கிறது, அவர்கள் சொல்வது நியாயம்தான்.

அங்கிருந்து மூன்று மணி நேரம் ஏறினேன். ஏறி முடித்து மேலே நின்ற நிமிஷத்திலிருந்து இன்றுவரை எனக்கு வேறு பேச்சே இல்லை. டீக்கடையில் இதுதான், கம்பெனி பஸ்ஸில் இதுதான், சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து இதுதான். "இன்னொரு தடவை அந்த மலையப் பத்திப் பேசுனீங்க, நானும் சிலம்பை உடைக்க வேண்டியிருக்கும்" என்று வீட்டுக்காரி சொன்ன பிறகுதான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் பிரிவில் வேலை பார்ப்பவன். அதனால் பண்டிகை தேதியெல்லாம் எனக்கு ஊருக்கு முன்பே தெரிந்துவிடும். ஆடிப்பெருக்கன்று புது ஆண்டு ஆல்பம் போட்டுவிடுவோம், அதற்குள் வேலை பாதி ஓடியிருக்கும். 2025இல் சித்ரா பௌர்ணமி மே 12, திங்கட்கிழமை என்று எனக்கு முந்தின ஆடியிலேயே தெரியும். அந்தத் தாளில் கள்ளழகர் வைகையில் இறங்குவது எப்போதும் இருக்கும். எங்கள் வீட்டிலும் அன்றைக்கு மதுரைதான், தலைமுறை தலைமுறையாக. அதே நாளில், அதே வைகையின் மேல்கோடியில், வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் திறக்கும் ஒரு கோயில் இருக்கிறது என்று கூடலூரில் வாக்கப்பட்ட என் அக்கா பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் காதில் வாங்கவில்லை. பதினைந்து சித்திரையை வீணாக்கியிருக்கிறேன்.

விருதுநகரிலிருந்து திருமங்கலம், உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி. ஆண்டிப்பட்டிக் கணவாய் வரைக்கும் நம்ம ஊர் மாதிரிதான், கருவேலமும் செம்மண்ணும். கணவாயைத் தாண்டித் தேனிக்கு வந்ததும் காற்று மாறுகிறது. தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையை இந்தத் தமிழ்நாட்டின் அழகான சாலை என்று நான் சொல்வேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். வலப்பக்கம் கேரளத்தின் ஏலமலை, இடப்பக்கம் மேகமலை, நடுவில் நெல்லும் தென்னையும் வாழையும். கம்பத்தை நெருங்க நெருங்கப் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. வானம் பார்த்த பூமிக்காரனுக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் வயிறெரியும். எனக்கு எரிந்தது.

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது, அது பூகோளம். திருவில்லிபுத்தூருக்கு மேற்கே எழும்பும் மலைச்சுவர் அப்படியே வடக்கே வளைந்து, வருசநாடு, மேகமலை என்று போய்க் குமுளியில் ஏலமலையோடு சேருகிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் எங்கள் ஊர் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே நீலமாக ஒரு கோடு தெரியும், அந்தச் சுவர்தான். ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து வரும் மேகமெல்லாம் அந்தப் பக்கம் மோதி, அங்கேயே கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏலமும் மிளகும் தேயிலையும். இந்தப் பக்கம் நமக்குப் பருத்தி, மல்லி, கம்பு, அப்புறம் ஐப்பசி மழைக்காகக் காத்திருக்கும் கண்மாய்.

ஆனால் அந்த வறட்டுக் காற்று இல்லாவிட்டால் சிவகாசியே இல்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதை இங்கே நிலைநிறுத்தியது வெயில். குச்சி காய, மருந்து காய, ஒட்டிய தாள் காய ஈரமில்லாத காற்று வேண்டும். அச்சுக்கும் அதுதான் கதை, ஈரக்காற்றில் தாள் நெளிந்துவிடும். ஆக, நான் சாப்பிடும் சோறு அந்த மலை மறைத்துக்கொண்ட மழையால் கிடைப்பது. இது பள்ளிக்கூடத்தில் மழைமறைவுப் பிரதேசம் என்று இரண்டு மார்க்குக்குப் படித்ததுதான். மலை மேல் நின்று பார்க்கும்வரை உறைக்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் கூடலூரில் அத்தானோடு டீ குடிக்கப் போனேன். பெஞ்சில் ஒரு பெரியவர். நான் எந்த ஊர் என்று அத்தான் சொன்னதுதான் தாமதம்.

"விருதுநகரா? உங்க ஊர்க்காரருதானய்யா தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தூக்கிக் குடுத்தது!"

டீக்காசை நான் கொடுத்தேன். அதைத் தவிர அந்த நேரத்தில் வேறு பதில் தோன்றவில்லை.

காமராஜர் பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்பதால் இதை எல்லை ஓரத்தில் எங்கே போனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. ராத்திரி அத்தான் வீட்டு மாடியில் படுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். 1953இல் மத்திய அரசு மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைத்தது. பசல் அலி தலைவர், குன்ஸ்ரு, பணிக்கர் உறுப்பினர்கள். பணிக்கர் மலையாளி என்பதை அந்தக் காலத்துத் தமிழர்கள் சும்மா விட்டிருப்பார்களா? திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று ஒரு கட்சி, நேசமணி தலைவர். தமிழர் அதிகமாக வாழும் தாலுகாக்களைத் தாய்த்தமிழகத்தோடு சேர் என்பது கோரிக்கை. 1954இல் மூணாறில் கைது, ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டம், புதுக்கடைப் பக்கம் துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி. கடைசியில் 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், செங்கோட்டையின் பெரும்பகுதியும் நமக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை.

தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மை என்பதை ஆணையமே மறுக்கவில்லை. தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்று கணக்கை ஒதுக்கினார்கள், திருவிதாங்கூர்ப் பொருளாதாரத்துக்கு அந்த மலை வேண்டும் என்றார்கள். மூன்று தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களை வந்து போகிறவர்கள் என்று எழுதுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அதே சமயத்தில் திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு கீழேயிருந்து மலையாள விவசாயிகளைக் கொண்டுவந்து ஐந்தைந்து ஏக்கர் கொடுத்துக் குடியேற்றியது. பட்டம் காலனி என்றே ஓர் ஊர் இன்றைக்கும் இடுக்கியில் இருக்கிறது. அப்படி மலையேறியவர்கள் பட்டபாடு தனிக்கதை. 1961இல் இடுக்கி அணைக்காக அய்யப்பன்கோயிலிலிருந்து கொட்டும் மழையில் அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குமுளிக்குப் பக்கத்து அமராவதியில் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களுக்காகக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கேயே உண்ணாவிரதம் இருந்தார். நம்ம பக்கத்து மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

காமராஜர் விஷயத்தில் என் தீர்ப்பு இதுதான். அவர் முதலமைச்சராக இருந்தபோது போனது, அந்தப் பொறுப்பிலிருந்து அவரை இறக்கிவிட முடியாது. கன்னியாகுமரி கையில் வந்ததும் அவர் காலத்தில்தான், 1959இல் வைகை அணை திறந்ததும் அவர்தான். ஆனால் பீர்மேட்டை விட்டது சின்ன விஷயமில்லை. குமுளியும் தேக்கடியும் முல்லைப் பெரியாறு அணையும் அந்தத் தாலுகாவுக்குள்தான் கிடக்கின்றன. டீக்கடைப் பெரியவருக்கு இருந்த கோபத்தில் பாதியாவது நியாயம்.

சரி, மலைக்கு வருவோம்.

காலையில் அக்கா, அத்தானோடு லோயர்கேம்ப் தாண்டிப் பளியங்குடி. பளியர்கள் குடியிருக்கும் இடம், பெயரிலேயே இருக்கிறது. அங்கிருந்து காட்டுப்பாதையாக ஏறக்குறைய ஆறரை கிலோமீட்டர். குமுளியிலிருந்து ஜீப்பிலும் போகலாம், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் பதினான்கு கிலோமீட்டர்போல் மண்பாதை, எலும்பெல்லாம் இடம் மாறிவிடும். ஆனால் நான் சொல்கிறேன், நடந்து போங்கள். முதல் ஒரு மணி நேரம் மரநிழல். யானை போன சுவடு, காய்ந்த லத்தியில் முளைத்திருக்கும் புல், சில்வண்டுச் சத்தம். எனக்கு முன்னால் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா, காலில் செருப்பில்லை, தலையில் துணிமூட்டை. மூச்சு வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்தபோதெல்லாம் அவர் என்னைத் தாண்டினார். மூன்றாவது முறை தாண்டும்போது, "உக்காந்தா கால் பிடிச்சுக்கும் சாமி, மெதுவா வந்துக்கிட்டே இரு" என்றார். மூட்டைக்குள் என்ன என்று கேட்டேன். வளையல். கண்ணகிக்கு.

இரண்டாவது மணி நேரத்தில் மரங்கள் விலகிப் புல்மலை தொடங்குகிறது. அடேயப்பா! இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். இடுப்பளவு புல், ஒரே சாய்வு, காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. திரும்பிப் பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு கோலம்போல் கீழே விரிந்து கிடக்கிறது. கூடலூர், கம்பம், அதற்கு அப்பால் உத்தமபாளையம் பக்கம், நெல்வயலின் பச்சை ஒரு கட்டம், தென்னந்தோப்பின் கரும்பச்சை ஒரு கட்டம். அந்தப் பச்சை எங்கே நிற்கிறது என்று கண்ணால் கோடு கிழிக்கலாம். பெரியாற்றுத் தண்ணீர் எட்டாத இடத்தில் அது நிற்கிறது.

கோயில் ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சாந்து பூசாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டியது, பாண்டியர் பாணி, கூரைக் கற்கள் பல இடத்தில் சரிந்து கிடக்கின்றன, சுவரிடுக்கில் வேர். கல்லில் தமிழ் எழுத்து. நான் ஒரு கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து, விரலால் தடவித் தடவி ஒரு 'ன'வும் ஒரு 'ம'வும் கண்டுபிடித்தேன். முழு வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் எழுத்தைத் தாளில் பதிக்கும் கூட்டத்தில் இருப்பவனுக்கு, எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் கல்லில் பதித்தது விரலில் தட்டுப்படும்போது உடம்பு சிலிர்க்கிறது. அச்சில் அழுத்தம் கூடினால் தாளின் பின்பக்கம் புடைக்குமே, அப்படி ஓர் உணர்ச்சி.

அன்றைக்கு ஒருநாள்தான் அலங்காரம். ஒரு சந்நிதியில் நம்ம பூசாரிகள், இன்னொரு சந்நிதியில் கேரளத்து முறைப்படி பூசை. வரிசையைத் தமிழ்நாட்டுப் போலீஸும் கேரளப் போலீஸும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள், தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்கிறார்கள். அவர்கள் மங்களாதேவி என்கிறார்கள், நாம் மங்கலதேவி என்கிறோம். மங்கல மடந்தை கோட்டம் என்ற பெயர் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற மலையாளத்து அக்கா குங்குமத்தை வாங்கி, பாதியை என் கையில் போட்டுவிட்டுப் போனார்.

கதை தெரிந்ததுதான். மதுரை எரிந்த பிறகு கண்ணகி வைகைக்கரை ஓரமாகவே மேற்கே நடக்கிறாள். பதினான்காம் நாள் நெடுவேள் குன்றத்தில் வேங்கை மரத்தடியில் நின்று விண்ணேறுகிறாள். பார்த்தவர்கள் குன்றக் குறவர்கள், அவர்கள் போய்ச் சேரன் செங்குட்டுவனிடம் சொல்ல, அவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து பத்தினிக்குக் கோட்டம் எடுக்கிறான். அந்த விழாவுக்கு இலங்கைக் கயவாகு மன்னன் வந்ததாகக் காப்பியம் சொல்கிறது, சிங்களவர்கள் இன்றைக்கும் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், பாண்டிய நாட்டில் நியாயம் கேட்டவள், சோழ நாட்டில் பிறந்தவள், சேர நாட்டில் தெய்வமானவள். எல்லைச் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வத்தைத் தேடிப் பிடிக்க முடியாது.

அந்த மலை இந்த மலைதான் என்று கண்டு சொன்னவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். பூம்புகாரிலிருந்து கண்ணகி நடந்த வழியைக் காப்பியத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடித் தேடி நடந்தவர், 1963 நவம்பரில் இங்கே வந்து சேர்ந்தார். நெடுவேள் குன்றம் திருச்செங்கோடு என்பவர்கள் உண்டு, செங்குட்டுவன் எடுத்த கோயில் கொடுங்கல்லூர் என்பவர்களும் உண்டு. புலவர்கள் பேசிக்கொள்ளட்டும். நான் ஏறிப் பார்த்த மலை எனக்கு நெடுவேள் குன்றம்தான்.

கோயில் யாருடையது என்ற வழக்கு அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது. கூடலூர் வண்ணாத்திப்பாறைக் காப்புக்காட்டில், நம் எல்லைக்குள்தான் கோயில் இருக்கிறது, 1817இல் கம்பெனிக்காரர்கள் எடுத்த சர்வேயிலேயே அப்படித்தான் என்பது தமிழ்நாட்டின் வாதம். கேரளம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1976இல் இரண்டு மாநிலமும் சேர்ந்து அளந்தும் பேச்சு ஓயவில்லை. வண்டிப்பாதை முழுக்கப் புலிகள் காப்பகத்துக்குள் கிடப்பதால் சாவி அவர்கள் கையில். இந்த இழுபறியில் நொந்தது கோயில். கூரையைத் தூக்கி நிறுத்த ஒரு கல்லை அசைக்க வேண்டுமென்றாலும் இரண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட வேண்டும்.

கோயிலுக்குப் பக்கத்து முகட்டில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அத்தான் கையை நீட்டிக் காட்டினார். "கிழக்க விழுற தண்ணி வைகைக்கு, மேக்க விழுற தண்ணி பெரியாத்துக்கு. அவ்வளவுதான் மாப்ள எல்லை." எவர்சில்வர் தூக்கில் மிச்சமிருந்த தண்ணீரை நான் முகட்டுப் பாறையில் ஊற்றிப் பார்த்தேன், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று. ஒரு சாண் ஓடியது. இடுக்கில் இருந்த மண் குடித்துவிட்டது. அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். தண்ணீர் போச்சே என்று அக்காவுக்குக் கோபம்.

மேற்கே விழும் தண்ணீரைக் கிழக்கே திருப்பியதுதான் இந்த மலையின் பெரிய அதிசயம், பெரிய சண்டையும் அதுதான். இந்த யோசனை முதலில் முளைத்தது எங்கள் பழைய ராமநாதபுரம் சீமையில் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1789இல் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதை ஆராய்ந்து பார்த்தார், செலவு தாங்காது என்று கைவிட்டார். அப்புறம் 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் வந்துதான் வெள்ளைக்காரனுக்கு உறைத்தது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம். 999 வருஷக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருஷத்துக்கு 40,000 ரூபாய். இன்ஜினியர் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையை 1887இல் தொடங்கி 1895இல் முடித்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த அணை. தேக்கிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வருகிறது. லோயர்கேம்பில் நின்று அண்ணாந்து பார்த்தால் மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்குவது தெரியும், மின்சாரம் எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரை ஆற்றில் விடுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் அந்தப் பச்சை அதுதான். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் அதுதான். அக்கா தெருவில் இரண்டு பையன்களுக்குப் பென்னிகுவிக் என்று பெயர், ஜனவரி 15 அவர் பிறந்தநாள், பொங்கலோடு பொங்கலாக அவருக்கும் பானை வைக்கிறார்கள்.

1970இல் குத்தகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தி மறுபடி கையெழுத்தானது. 1979இல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்து ஆயிரக்கணக்கில் செத்தபோது, முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே இருக்கும் வண்டிப்பெரியாற்று ஜனங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. 152 அடி தேக்கிய இடத்தில் 136 அடியாகக் குறைத்தார்கள். அணையைப் பலப்படுத்திய பிறகு 2006இலும், மறுபடி 2014 மே 7இலும் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்றது. 2011 டிசம்பரில் குமுளி எல்லையே அடைபட்டு, கம்பத்திலிருந்து ஆயிரக்கணக்கில் சனம் மலையை நோக்கி நடந்த கதையை அக்கா சொன்னாள். அந்த நாட்களில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதையும் அவளே சொன்னாள். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கேரளத் தோட்டத்துக்குப் போய், இருட்டும்போது திரும்புகிறவர்கள். மலை யாருடையது என்று அந்தப் பெண்களிடம் கேட்டால் சம்பளம் கொடுக்கிறவனைக் கைகாட்டுவார்கள்.

இதே மலைத்தொடரில் வடக்கே போனால் மூணாறு. பூஞ்சாற்று ராஜா, பாண்டிய வழி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம், 1877 ஜூலை 11இல் கண்ணன் தேவன் மலையை மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு எழுதிக்கொடுத்தார். தேயிலை வந்தது, அதைக் கிள்ள நம்ம பக்கத்து ஜனம் போனது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மண்ணுக்குள் போனார்களே, பெரும்பாலும் கயத்தாறு பக்கத்து வேர் உள்ள தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். எல்லைக்கோடு எந்தப் பக்கம் என்று அந்த மண்சரிவு பார்க்கவில்லை, ஆனால் எந்த மாதிரி வீட்டில் படுத்திருந்தார்கள் என்று பார்த்தது. மலையைப் பற்றிப் பேசினால் இதையும் பேசத்தான் வேண்டும்.

பிற்பகலில் இறங்கச் சொல்லிவிடுகிறார்கள், இருட்டுக்குள் காட்டை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். இறங்கும்போது முழங்கால் நடுங்கியது, அந்த வளையல் அம்மாவைத் தேடினேன், எப்போதோ இறங்கிவிட்டிருந்தார். கீழே வந்து திரும்பிப் பார்த்தபோது முகட்டுக்கு மேல் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. கேரளத்துப் பக்கத்து மேகம். விளிம்பு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போலத் திரும்பிப் போனது. ஊரில் இருந்தால் திட்டியிருப்பேன். அன்றைக்குத் திட்ட மனசு வரவில்லை.

ஒருநாளை மூன்று நாளாக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். காட்டைப் பார்த்த பிறகு நான் அதைக் கேட்க மாட்டேன். அந்த ஒரே நாளில் இத்தனை ஆயிரம் கால்கள் படுகின்றன, மிச்சமுள்ள நாட்கள் யானைக்கும் காட்டுமாட்டுக்கும் இருக்கட்டும். கேட்பது ஒன்றுதான். சர்வே கல் எங்கே இருந்தாலும் சரி, இரண்டு மாநிலமும் சேர்ந்து அந்தக் கூரைக் கற்களைத் தூக்கி நிறுத்துங்கள். இன்னும் இரண்டு மழை தாங்கினால் அதிகம் என்று பார்க்கிற கண்ணுக்கே தெரிகிறது.

போக ஆசைப்படுகிறவர்களுக்கு: அடையாள அட்டை வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில், பாலித்தீன் பை எதுவும் கூடாது, தண்ணீருக்கு எவர்சில்வர் தூக்கு நல்லது, நான் ஊற்றியதுபோல் ஊற்றிவிடாதீர்கள். விடிகாலையில் ஏறத் தொடங்குங்கள், நடுவில் உட்காராதீர்கள், கால் பிடித்துக்கொள்ளும். 2026ஆம் ஆண்டுத் தாள் எங்கள் அச்சகத்தில் ஓடியபோதே தேதியைப் பார்த்துவிட்டேன். அந்த ஆண்டுச் சித்ரா பௌர்ணமி மே 1, வெள்ளிக்கிழமை. எந்த ஆண்டு போனாலும் தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.